கோர்டோபா – கிரனாடா, நாலு மணி வண்டி

கோட்டைமேட்டில் சபுரா டிராவல்ஸ் என்ற பெயரில் இரண்டு வேன்கள் ஓடின. சபுரா அந்த வேன்களில் மேட்டுப்பாளையம் வரைக்கும்தான் போயிருக்கிறாள். அதற்கு மேல் மலை. மலை ஏறினால் அவளுக்கு வாந்தி வரும்.

கணவர் அப்துல் கையூம் வேன் ஓட்டுவார். இன்னொரு வேனுக்குச் சம்பள டிரைவர். மற்றதெல்லாம் சபுரா. போன் எடுப்பது, தேதி கொடுப்பது, யார் எந்த சீட் என்று முடிவு செய்வது, புதுமாப்பிள்ளையையும் மாமியாரையும் ஒரே வரிசையில் உட்கார வைக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் சமையல்கட்டில் நின்றபடியே நடக்கும். ஒரு கையில் கரண்டி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். மகள் ரிஃபானாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா தலையைச் சாய்த்தபடிதான் இருந்தாள்.

"ஏனுங்க சபுராம்மா, பல்லடத்துலருந்து பழனியாத்தா பேசறனுங்க. ஊட்டிக்கு ஒரு வேன் வேணுமுங்க. எங்க கோழிப்பண்ணை ஆளுங்கதான்."

"அனுப்பிப்போடலாமுங்க அக்கா. வாந்தி எத்தன பேருங்க?"

"அதெப்படிங்க இப்பவே சொல்றது?"

"வாந்தி எடுக்கறவங்களுக்கு முன் சீட்டுங்க. கல்லாறு தாண்டி மலை ஏறினதுக்கப்பறம் நீங்க சொல்ல வேண்டியதில்லீங்க, வேனே சொல்லிப்போடும்."

"ஆறு மணிக்குக் கெளம்பினாப் பத்தாதுங்களா?"

"நாலு மணிங்க."

நாலு மணி என்பது சபுராவின் சட்டம். எந்த ஊருக்குப் போனாலும் வண்டி விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஊட்டிக்கும் நாலு மணி. பத்து கிலோமீட்டரில் இருக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நாலு மணி. வெறும் வயிறு, காலியான ரோடு, தூக்கத்தில் ஆட்கள். ஆட்கள் முழிப்பதற்குள் பாதி மலை ஏறியிருக்கும். எந்த வளைவும் யார் வயிற்றுக்கும் தெரியாது.

அவள் பார்க்காத ஊர்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கெல்லாம் அவள்தான் விவரம் சொன்னாள். விவரமெல்லாம் கையூம் சொன்னது. கையூம் டிரைவர். அதனால் சபுராவுக்குத் தெரிந்த நீலகிரி ஒரு டிரைவரின் நீலகிரி. தாராபுரத்தில் வாத்தியாராக இருந்த அன்புமணி ஒருமுறை கேட்டார்: "தொட்டபெட்டாவுல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?"

"பார்க்கிங் நல்லாருக்குமுங்க," என்றாள் சபுரா.

அவளும் ஒரே ஒரு முறை மலை ஏறியவள்தான். கல்யாணமான புதிது. கையூம் அப்போது வேறொரு முதலாளியின் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். வாடகைக்குப் பிடித்தவர்கள் தாராபுரத்துப் பண்ணையக்காரக் குடும்பம். ஒரு சீட் காலியாக இருந்தது. புதுப்பெண்டாட்டிக்கு ஊட்டி காட்டிய மாதிரியும் ஆச்சு, முதலாளிக்குச் செலவில்லாத மாதிரியும் ஆச்சு என்று கையூம் அவளை ஏற்றிக்கொண்டார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் சபுரா பக்கத்து சீட் அம்மாவின் பட்டுச்சேலை மடியில் வாந்தி எடுத்தாள்.

அந்த அம்மா திட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். அந்தக் குடும்பத்தில் யாரும் திட்டவில்லை. "பரவால்லீங்க அம்மணி, பரவால்லீங்க" என்று குன்னூர் வரை சொன்னார்கள். குன்னூரிலிருந்து ஊட்டி வரையும் சொன்னார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள்.

கையூம் இந்தக் கதையை முப்பது வருடமாகச் சொந்தக்காரர்கள் கூடும் இடங்களில் எல்லாம் சொன்னார். பட்டுச்சேலையின் நிறம் சொல்லும்போது கூட்டம் சிரிக்கும். சபுராவும் சிரிப்பாள். அம்மாவுக்கும் அது சிரிப்புக் கதைதான் என்று ரிஃபானா வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

ரிஃபானா மெக்கானிக்கல் படித்தவள். கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை. கம்பெனி ஸ்பெயினுக்கு பம்பு ஏற்றுமதி செய்தது. அங்கே கோர்டோபா பக்கம் ஆலிவ் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகள். ஒரு வருடம் சில நாட்களுக்கு அவளை அங்கே அனுப்பினார்கள். போய்விட்டு வந்து சாப்பாட்டுப் பாயில் உட்கார்ந்து சொன்னாள்: பொள்ளாச்சியில் தென்னை மாதிரி அங்கே ஆலிவ். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மரம். அடுத்த டிசம்பரில் மறுபடியும் போக வேண்டும். "இந்த வாட்டி ரெண்டு பேரும் வாங்க. வேலை முடிஞ்சதும் கார் எடுத்துக்கிட்டு கோர்டோபாலருந்து கிரனாடா போலாம்."

கையூம் சாப்பிடுவதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் பள்ளிவாசல் ஹஜரத் கோர்டோபாவைக் குர்துபா என்றும் கிரனாடாவைக் கர்னாத்தா என்றும் சொல்லிச் சொல்லி அழுத ஊர்கள் அவை. நம்மாட்கள் எழுநூறு வருடம் ஆண்ட ஊர்கள். அந்தப் பள்ளிவாசலின் தூண்களையும் அந்தக் கோட்டையின் நீரூற்றுகளையும் ஹஜரத் அத்தனை விவரமாகச் சொல்வார். ஹஜரத்தும் போனதில்லை.

சபுரா வேறு ஒன்று கேட்டாள். "ஏங்கண்ணு, ரெண்டு ஊருக்கும் நடுவுல மலை இருக்குதா?"

"இருக்கும்மா."

"ரோடு மலை மேல போகுதா?"

"ஆமா. பஸ், ரயில்கூட இருக்கு. உனக்கு ஒத்துக்காதுன்னா ரயில்லயே..."

"ரயிலு வேண்டாம். ரோட்டுலயே போலாம்."

கையூம் சிரித்தார். "கல்லாறு தாண்டினா வாந்தி எடுக்கறவ ஸ்பெயினு மலைய ஏறப்போறாளாமா."

"அங்க வாந்தி எடுத்தா நம்மளத் தெரிஞ்சவங்க யாரு இருக்காங்க?" என்றாள் சபுரா. "பரவால்லீங்கன்னு அவங்க சொன்னாலும் எனக்குப் புரியாது."

அன்றைக்குத்தான் ரிஃபானாவுக்கு அந்தக் கதை சிரிப்புக் கதை இல்லை என்று தெரிந்தது. ஒரே ஒரு மலை ரோட்டை ஒரே ஒரு முறை வண்டியில் உட்கார்ந்து தாண்ட வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு மலை தேவைப்பட்டது.

திட்டம் போடும் வேலை தொடங்கியது. ஊரெல்லாம் டூர் அனுப்பிய குடும்பம், தானே போகிற முதல் டூர். தினமும் ராத்திரி இஷா தொழுகை முடிந்து கையூம் வந்ததும் பாயில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்வார்கள். ரிஃபானா ஆபீஸில் புராஜெக்டுக்குப் போடுவது மாதிரி கட்டம் கட்டமாகப் போட்டு வைத்திருந்தாள். எந்தக் கட்டமும் ஒரு நாளுக்கு மேல் நிற்கவில்லை.

"நூத்தறுபது கிலோமீட்டர். ரெண்டரை மணி நேரம் காட்டுது," என்றாள்.

"மலை ரோட்டுல நூத்தறுபது கிலோமீட்டரு ரெண்டரை மணி நேரமா? இந்தக் கூகுளு எந்த ஸ்டாண்டுல வண்டி ஓட்டுச்சு?" என்றார் கையூம். அவர் கணக்கில் ஏழு மணி நேரம், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம் தனி.

பிறகு சமையல் பிரச்சினை. கையூமின் டூர்களில் வேன் மேல் காஸ் அடுப்பும் அண்டாவும் போகும். ரோட்டோரம் நல்ல மரமாகப் பார்த்து நிறுத்தி சமைத்துச் சாப்பிடுவார்கள். விமானத்தில் சிலிண்டர் ஏற்ற மாட்டார்கள் என்பதை அவர் ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. கடைசியில் ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு என்று முடிவானது.

நிறுத்தங்களை சபுரா முடிவு செய்தாள். ரிஃபானா ஒவ்வொரு ஊராகப் படம் காட்டினாள்.

"இது எஸ்பெகோ. குன்று மேல கோட்டை இருக்கு பாரு."

"பாத்ரூம் இருக்குதா?"

"கோட்டைம்மா. அறுநூறு வருசத்துக் கோட்டை."

"அறுநூறு வருசமா பாத்ரூம் இல்லாமயா இருந்தாங்க?"

எஸ்பெகோ பட்டியலிலிருந்து போனது. பெட்ரோல் பங்க் இருந்ததால் பயேனா நின்றது. ஆயிரம் வருடச் சரித்திரம் உள்ள வழியில் சபுரா டிராவல்ஸ் தேர்ந்தெடுத்த ஒரே இடம் ஒரு பெட்ரோல் பங்க்.

ஒரு நாள் ரிஃபானா இன்னொரு வழியைக் காட்டினாள். பெரிய ரோட்டை விட்டு மலைக்குள் வளைந்து வளைந்து போகும் சின்ன ரோடு. நடுவில் சுயேரோஸ் என்ற ஊர். பாறை மேல் ஒட்டவைத்த மாதிரி வெள்ளை வீடுகள், கீழே கண் போகும் தூரம் வரை ஆலிவ். "அழகான வழின்னு எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

சபுரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "வளைவு நெறையாவா?"

"நிறைய."

"இத வுட்டுரு." தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையல்கட்டிலிருந்து திரும்பி வந்தாள். "அந்தப் போட்டோவ இன்னொருக்காக் காட்டு."

பெரிய சண்டை நாலு மணியில்தான் வந்தது.

"டிசம்பர்ல அங்க எட்டு இருபதுக்குத்தான் சூரியன் உதிக்கும்மா. நாலு மணிக்குக் கிளம்பினா மொத்த வழியும் இருட்டு."

"இருட்டுதான் நல்லது. கண்ணுக்கு வளைவு தெரியாட்டி வயித்துக்கும் தெரியாது."

"அப்புறம் எதுக்கு அழகான ரோட்டுல போறோம்? ஒண்ணுமே பாக்காம?"

"மொதல்ல தாண்டிப்போடுவோம். அப்பறம் பாத்துக்கலாம்."

"தாண்டினதுக்கப்புறம் எப்படிம்மா பாக்கறது?"

"நீ பம்பு செய்யற. நான் டூரு அனுப்பறேன். உன்ற பம்புல நான் வந்து சொன்னனா?"

ரிஃபானா எட்டு மணி என்று திருத்தினாள். மறுநாள் சபுரா நாலு என்று மாற்றச் சொன்னாள். இப்படியே ஒரு மாதம் போனது. கையூம் இரண்டு பக்கமும் பேசி இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இதற்கு நடுவில் கையூமுக்குத் தெரிந்த ஒரு ஆட்டோக்காரர் ஸ்டாண்டில் கேட்டார்: "ஏனுங்க பாய், உங்கூட்டுக்காரம்மா மருதமலை கோயில் பஸ்ஸுல மேல போறாங்களே, எதாச்சும் வேண்டுதலுங்களா?"

கையூம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "ஏன் சபுரா, மருதமலைல உனக்கு என்ன வேல?"

"வளைவுல வேல," என்றாள் சபுரா.

பழனியாத்தாள் கிருத்திகைக்குக் கிருத்திகை மருதமலை வருகிறவர். அவரோடு சேர்ந்துகொண்டு சபுரா அடிவாரத்தில் பஸ் ஏறுவாள். மேலே போனதும் பழனியாத்தாள் சாமி கும்பிடப் போவார். சபுரா புர்காவும் கையில் எலுமிச்சம்பழமுமாக பஸ்ஸை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பாள். கீழே வருவாள். வாந்தி எடுப்பாள். கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஏறுவாள். மேலே போய் இறங்காமலே திரும்பும் இந்த அம்மாவைக் கண்டக்டர் முதலில் சந்தேகமாகப் பார்த்தாராம். விஷயம் தெரிந்ததும் முன் சீட்டை ஒதுக்கி வைத்தாராம்.

"நம்ம வேனுலயே பழகலாமல்ல?" என்றார் கையூம்.

"நம்ம வேனுல வாந்தி எடுத்தா கழுவறது யாரு? நாந்தான."

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் சபுரா சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள்: "மேல போயி கீழ வந்து, போண்டா தின்னுபோட்டு, மறுக்கா மேல போயி வந்தேன். ஒண்ணுமே ஆவல." பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி முகம். விசாவும் அந்த வாரமே வந்தது. கையூம் பிரியாணி வாங்கி வந்தார்.

அக்டோபரில் சபுரா இறந்தாள்.

காலையில் சமையல்கட்டில். மாரடைப்பு. போனில் அன்புமணி வாத்தியார் இருந்தார். தீபாவளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊட்டி. "நாலு மணிக்கெல்லாம் ரெடியா இருங்க" என்பது அவருக்குக் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு பாத்திரம் விழுந்த சத்தம். அவர் வெகுநேரம் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். ரிஃபானா ஆபீஸில் இருந்தாள். ஒரு வால்வின் அளவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அளவு இன்றைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்ததும் ரிஃபானா அப்பாவிடம் சொன்னாள்: "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன் அத்தா. கம்பெனில வேற ஆளை அனுப்பச் சொல்லிக்கலாம்."

"வேண்டாம்," என்றார் கையூம். "புக்கிங் எடுத்தா வண்டி போயாகணும். உங்கம்மா என்னிக்காச்சும் கேன்சல் பண்ணி நீ பாத்திருக்கியா?"

அவ்வளவுதான் பேச்சு. அந்த இரண்டு மாதத்தில் வீட்டில் அவ்வளவு பேசியதே அதிகம்.

சபுரா உயிரோடு இருந்தவரை அவள் சொன்ன ஒன்றைக்கூட மறுபேச்சில்லாமல் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இப்போது அவள் சொன்ன ஒன்றையும் மாற்ற இருவருக்கும் துணிச்சல் வரவில்லை. ரைஸ் குக்கர் வந்தது. புளிக்காய்ச்சல் வந்தது. அதை சபுராவின் கைப்பக்குவத்தில் செய்ய ரிஃபானா மூன்று முறை முயன்று தோற்றாள். கடைசியில் கடையில் வாங்கினாள். லேப்டாப்பில் கடைசியாக எட்டு மணி என்று இருந்தது. அதை நாலு என்று ரிஃபானாவே மாற்றினாள்.

கோர்டோபாவில் பம்பு வேலை நான்கு நாளில் முடிந்தது. பள்ளிவாசலைப் பார்த்தார்கள். இப்போது அது தேவாலயம். உள்ளே தொழக் கூடாது. கையூம் அந்தத் தூண்களுக்கு நடுவில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஹஜரத் மாதிரி அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தார் போல. வரவில்லை. "மராமத்து நல்லாப் பாக்கறாங்க," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நாலு மணிக்குக் கிளம்புகிறோம் என்றபோது ஓட்டல்காரர் இரண்டு தடவை கேட்டார். நாலு விரலைக் காட்டிக் கேட்டார். கையூமும் நாலு விரலைக் காட்டினார்.

ரிஃபானா ஓட்டினாள். கையூம் பக்கத்தில். வலது பக்கம் போகும் ரோடு, இடது பக்கம் ஸ்டியரிங். கையூமின் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. வெளியே கரும் இருட்டு. ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டின் வெள்ளைக் கோடு. எப்போதாவது ஒரு லாரி. பயேனாவில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார்கள். திட்டத்தில் இருந்தது. பாத்ரூம் பூட்டியிருந்தது. திட்டத்தில் இல்லை.

ஏழு மணிக்கு முன்பே தெருவிளக்குகள் வந்தன. பிறகு கட்டிடங்கள், ரவுண்டானா, ஒரு சூப்பர் மார்க்கெட். ரிஃபானா ஓரமாக நிறுத்தினாள்.

"என்ன கண்ணு, டயரா?"

"கிரனாடா வந்தாச்சுத்தா."

கையூம் வெளியே பார்த்தார். "மலை?"

"தாண்டிட்டோம்."

"எப்ப?"

"பயேனாவுக்கு அப்புறம் கொஞ்ச தூரத்துலருந்து. மேல ஏறி இறங்கினமே, அதுதான்."

கையூம் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருடம் மலை ரோட்டில் வண்டி ஓட்டியவர் ஒரு மலையைத் தாண்டியது தெரியாமல் தாண்டியிருக்கிறார். "ஒரு கொண்டை ஊசிகூட இல்லயே. இதுல எங்க வளைவு? அவினாசி ரோட்டுலகூட இதவிட ஜாஸ்தி திருப்பம் இருக்குமே." பிறகு மெதுவாகச் சொன்னார். "இதுல உங்கம்மா வாந்தியே எடுத்திருக்க மாட்டா. மருதமலைல பழகி இருக்கவே வேண்டாம்."

ரிஃபானாவின் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. "எட்டு இருபதுக்குத்தான் விடியும்னு எனக்குத் தெரியும்த்தா. தெரிஞ்சேதான் ஓட்டினேன்."

"சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா அம்மா சொன்னது தப்புன்னு ஆயிடும்."

"தப்புத்தான்," என்றார் கையூம். "அவ சொல்றதுல பாதி தப்புத்தான். அதுக்குத்தான முப்பது வருசமாச் சண்டை போட்டேன். உன்னயும் போட வெச்சா. அவ செத்தது போதாதுன்னு நாம ரெண்டு பேரும் மரியாதை வேற குடுத்துட்டிருக்கோம். ரெண்டு மாசமா ஒரு சண்டை உண்டா? வூடா அது?"

ரிஃபானா அழுதாள். அக்டோபரில் மற்றவர்கள் அழுதபோது அவள் ஆம்புலன்ஸ், டெத் சர்டிபிகேட், கபர்ஸ்தான் என்று ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தாள். இப்போது பேர் தெரியாத ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில், இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்க, சத்தமாக அழுதாள். கையூம் கையை நீட்டி இண்டிகேட்டரை அணைக்கப் பார்த்தார். வைப்பர் ஓடியது.

கோட்டைக்கு எட்டரை மணிக்கு டிக்கெட். நேரம் தவறினால் உள்ளே விடமாட்டார்கள். மேலே குன்றில் கோட்டை விளக்கு வெளிச்சத்தில் செம்மண் நிறத்தில் தெரிந்தது. கையூம் குனிந்து கண்ணாடி வழியாக அதைப் பார்த்தார்.

"கர்னாத்தா," என்றார்.

"ஆமாத்தா. காபி குடிச்சிட்டுப் போனா சரியா இருக்கும்."

"கோட்டைய ஹஜரத்து எனக்கு முப்பது வருசமாக் காட்டியாச்சு. ஒவ்வொரு செங்கல்லும் தெரியும். உங்கம்மா கேட்ட ரோட்டத்தான் யாரும் காட்டல." அவர் சீட்டில் சாய்ந்தார். "வெளிச்சம் வரட்டும். திருப்பு."

"டிக்கெட் போயிடும்த்தா. மறுபடி கிடைக்காது."

"நீ பம்பு செய்யற. நான் டூரு ஓட்டறேன்."

"பெரிய ரோட்டுல போகமாட்டேன். சின்ன ரோடு."

"அதெதுக்கு? பெரிய ரோடே போதும், வெளிச்சத்துல பாத்தாப் போதும்."

"சுயேரோஸ் வழியாத்தான்த்தா. அம்மா போட்டோவ ரெண்டாவது தடவை கேட்டா."

"வேண்டாம்னு வுடச் சொன்னவளும் அவதான."

"அதுவும் தப்பு."

இரண்டு மாதத்தில் முதல் சண்டை. பக்கத்துக் காபிக் கடையில் வாங்கிய காபி ஆறும் வரை நடந்தது. ரிஃபானா ஜெயித்தாள்.

வெளிச்சம் வந்தபின் ஊரை விட்டு வெளியேறினார்கள். அவள் பொள்ளாச்சித் தென்னை மாதிரி என்று சொன்னது தவறு. தென்னந்தோப்புக்குள் நின்றால் தோப்பு மட்டும்தான் தெரியும். இது மலைமலையாக, கோடு போட்டு நட்ட மரங்கள், சிவந்த மண், அதன் மேல் காலைப் பனி. கையூம் பார்த்துக்கொண்டே வந்தார். அறுவடைக் காலம். மரத்துக்கடியில் வலை விரித்து ஆட்கள் காய்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சின்ன ரோட்டுக்குள் திரும்பியதும் வளைவுகள் தொடங்கின. நிஜமான வளைவுகள். ரிஃபானா கியரை மாற்றி மாற்றி ஏறினாள். நாலைந்து வளைவு போனதும் கையூம் காலால் பிரேக் போடுவதை நிறுத்தியது தெரிந்தது. ஜன்னலை இறக்கினார். இன்னும் இரண்டு வளைவு. முகம் வெளுத்திருந்தது.

"நிறுத்து."

"அத்தா?"

"நிறுத்து, நிறுத்து!"

கதவைத் திறந்துகொண்டு இறங்கி, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். காபி, பன், எல்லாம். ரிஃபானா முதுகைத் தடவினாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு நம்ப முடியாமல் நின்றார்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

"நாப்பது வருசம் மலைல வண்டி ஓட்டறேன்."

"ஓட்டினீங்க. உக்காந்து வந்ததில்லயே."

அது உண்மை. ஸ்டியரிங் இல்லாமல் அப்துல் கையூம் வளைந்து ஏறும் மலை ரோட்டில் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார். கீழே பள்ளத்தாக்கு முழுக்க ஆலிவ். எதிர்க் குன்றில் வெள்ளை ஊர். படத்தில் இருந்ததைவிடச் சின்னது.

"இப்படியா இருக்கும்?" என்று கேட்டார்.

ரிஃபானா தண்ணீர் பாட்டிலை மூடி அவர் பக்கத்தில் வைத்தாள்.

"வயித்த இப்படி வெச்சுக்கிட்டா உங்கம்மா ஊட்டி வரைக்கும் வந்தா? நான் வண்டிய நிறுத்தவே இல்லயே. ஆளுங்க என்ன நெனைப்பாங்கன்னு நிறுத்தல." அவர் சுவரின் கல்லைத் தடவினார். "அந்தக் கதைய எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கேன்."

"எல்லார்கிட்டயும்," என்றாள் ரிஃபானா.

வெயில் ஏறியது. அவள் கார் கதவைத் திறந்தாள். கையூம் காரைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "நான் அதுல ஏற மாட்டேன்."

"ஊர் ரெண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. மெதுவா ஓட்டறேன்."

"எவ்வளவு மெதுவா ஓட்டினாலும் ஏற மாட்டேன். ரோடு இருக்குது, காலு இருக்குது."

"கார்?"

"கார எவன் தூக்கிட்டுப் போறான் இந்தக் காட்டுல. ஊருக்குப் போயி எதாச்சும் தின்னுபோட்டு வந்து எடுத்துக்கலாம்."

ரிஃபானா காரை ஓரமாக விட்டுப் பூட்டினாள். இருவரும் நடந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் கையூம் நின்று கீழே பார்த்தார். அவசரம் இல்லை. எந்த டிக்கெட்டும் இனி பாக்கி இல்லை. மூன்றாவது வளைவில் பின்னால் சத்தம் கேட்டது. ஆலிவ் காய் நிறைந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டிய கிழவர் நிறுத்தி, இருவரையும் பார்த்து, பின்னால் ஏறிக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார். ஸ்பானிஷில் நீளமாக ஏதோ சொன்னார்.

"பரவால்லீங்க," என்றார் கையூம். "நாங்க நடந்தே வாரோமுங்க. நீங்க போங்க."

கிழவர் தலையசைத்துவிட்டுப் போனார்.